தண்ணீருக்கும் ஒரு தெர்மாமீட்டர்!

மதுரை அவனியாபுரத்தில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று ‘நல்ல தண்ணி’. இன்னொன்று ‘உப்புத் தண்ணி’. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி. குடிக்கவும் உலை வைக்கவும். வீட்டு போரிலிருந்து மோட்டார் ஏற்றுவது உப்புத் தண்ணி. குளிக்கவும் துணி துவைக்கவும்.

இப்படிப் பெயர் வைத்தது நாக்கும் அடுப்பும்தான். உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. சோப்பு நுரைக்காது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். “இந்தத் தண்ணில காபி போட்டா கரிக்குதுடி” என்று மாமியார் முகம் சுளித்தால் அந்தத் தண்ணீர் சமையல்கட்டுக்குள் வராது. அவ்வளவுதான் பரிசோதனை!

இன்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. ‘மெஷின் தண்ணி’! ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் வீட்டில் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். மற்றவர்கள் கேனில் வாங்குகிறார்கள். கூடவே பேனா சைஸில் ஒரு கருவியும் வந்திருக்கிறது. டம்ளரில் முக்கினால் போதும். சின்னத் திரையில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணுக்குப் பெயர் டி.டி.எஸ்.

“எங்க வீட்ல 40தான். உங்க வீட்ல எவ்வளவு மதினி?” என்று வாசலில் நின்று பேசிக்கொள்ளும் அளவுக்கு இந்த எண் பிரபலம். எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம், கூடினால் ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாவிட்டால், காசையும் விட்டு ஆரோக்கியத்தையும் விட வேண்டியிருக்கும்.

கரைந்திருப்பது என்ன?

டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. மழைத்துளி கிட்டத்தட்ட உப்பில்லாத தண்ணீர். அது மண்ணில் இறங்கி, பாறை இடுக்குகளில் புகுந்து வரும்போது கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட் என்று வழியில் கிடைத்ததையெல்லாம் கரைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் இவை எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. மீட்டரில் ‘பி.பி.எம்.’ என்று போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம். குடிநீரைப் பொறுத்தவரை 1 பி.பி.எம். என்பதும் லிட்டருக்கு 1 மி.கி. என்பதும் ஒன்றே.

மதுரைச் சுற்றுவட்டாரம் கடினப்பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தேங்கி நிற்கிறது. எவ்வளவு காலம் பாறையோடு உறவாடுகிறதோ, அவ்வளவு உப்பு. அதனால்தான் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் பக்கத்துக் கிணறுகளில் கரிப்பு குறையும். சித்திரை, வைகாசியில் ஏறும். கண்மாயை ஒட்டி வாழ்ந்த பெரியவர்களுக்கு இது மீட்டர் இல்லாமலே தெரிந்த சங்கதி.

மாநகராட்சித் தண்ணீரின் கதை வேறு. மதுரைக்கு முக்கியமான ஆதாரம் வைகை. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கும் நீரும், 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலை தாண்டி வந்து சேரும் நீரும்தான் ஊருக்கு உயிர். மலையில் பெய்த மழைநீர் பாறைக்குள் நெடுநாள் தங்காமல் வருவதால், உப்பு பொதுவாகக் குறைவு. ‘நல்ல தண்ணி’ என்ற பெயர் வந்த ரகசியம் இதுதான்.

தனி நகராட்சியாக இருந்த அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. தைப்பொங்கல் ஜல்லிக்கட்டால் ஊர் பெயர் உலகுக்கே தெரியும். ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. நகரத்தின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இங்கே வெள்ளக்கல் பக்கம்தான் இருக்கின்றன. குப்பை மேட்டிலிருந்து கசியும் நீரோ, சாக்கடையோ எந்த ஊரில் நிலத்தடிக்கு இறங்கினாலும் அங்குள்ள போர் தண்ணீரில் குளோரைடும் நைட்ரேட்டும் ஏறும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் குடியிருப்போர், “எங்க போர் தண்ணி உப்பு” என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. என்ன உப்பு என்றும் கேட்க வேண்டும்!

குச்சி எப்படி அளக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் டி.டி.எஸ். அளக்கும் முறை நம் அடுப்படி வேலை மாதிரியே இருக்கும். தண்ணீரை வடிகட்டுவார்கள். அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி வற்ற வைப்பார்கள். பிறகு 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தி, ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியை எடை போடுவார்கள். இதுதான் அசல் கணக்கு.

உங்கள் கையில் உள்ள மீட்டர் எதையும் எடை போடவில்லை. அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீரில் துளி மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கிறது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும்; உப்பில்லாத தண்ணீரில் தயங்கும். அந்த ஓட்டத்தை அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கி, “இவ்வளவு மில்லிகிராம் இருக்கலாம்” என்று உத்தேசம் சொல்கிறது.

உங்கள் மீட்டரும் பக்கத்து வீட்டு மீட்டரும் ஒரே தண்ணீருக்கு வெவ்வேறு எண் காட்டினால் சண்டை வேண்டாம். இரண்டும் வேறு வேறு எண்ணால் பெருக்கியிருக்கலாம். வெப்பமும் விளையாடும். ஒரு டிகிரி சூடு ஏறினால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் கூடும். மே மாத வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 40 டிகிரிக்குப் போனால், வெப்பத்தைச் சரிக்கட்டும் வசதி இல்லாத மீட்டர் 30 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். தண்ணீரை அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு அளப்பது நல்லது.

எவ்வளவு இருக்கலாம்?

இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் டி.டி.எஸ்.ஸுக்கு ஆரோக்கியத்தின் பெயரால் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுமார் 600 வரை ருசி நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்று ருசியை வைத்துத்தான் சொல்கிறது.

அப்படியானால் 800 உள்ள தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாதா? அது என்ன உப்பு என்பதைப் பொறுத்தது. பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட் என்றால் பாத்திரத்தில் படியும், தலைமுடி சிக்குப் போடும். சல்ஃபேட் அதிகம் என்றால் வயிற்றுப்போக்கு வரலாம். சோடியம் என்றால் ரத்த அழுத்தக்காரர்கள் யோசிக்க வேண்டும். லிட்டருக்கு 200 மி.கி. சோடியம் உள்ள தண்ணீரை ஒருவர் தினம் 3 லிட்டர் குடித்தால் 600 மி.கி. சோடியம் உள்ளே போகிறது. இது ஏறக்குறைய ஒன்றரை கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லப்படும்போது, இது சும்மா விடும் கணக்கில்லை.

மீட்டர் கண்ணுக்குப் படாதவை

வீட்டிலேயே ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரையுங்கள். சுமார் 5000 மி.கி. கரைந்துவிட்டது. மறுபடி மீட்டரை முக்குங்கள். எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும்! இன்னொரு லிட்டரில் கால் டீஸ்பூன் உப்பு போடுங்கள். எண் ஆயிரத்துக்கும் மேல் எகிறும்.

காரணம் எளிது. உப்பு தண்ணீரில் மின்னூட்டம் உள்ள துகள்களாகப் பிரியும். சர்க்கரை பிரியாது. மின்சாரத்தை நம்பி இருக்கிற மீட்டருக்கு, மின்சாரம் கடத்தாத எதுவும் தெரியாது. பூச்சிக்கொல்லி, எண்ணெய்ப் பசை போன்றவையும் சர்க்கரை மாதிரியேதான். குச்சி கப்சிப்பென்று இருந்துவிடும்.

சரி, மின்சாரம் கடத்தும் விஷங்கள்? அங்கேயும் சிக்கல். ஈயமும் ஆர்சனிக்கும் லிட்டருக்கு 0.01 மி.கி.யைத் தாண்டக் கூடாது. உங்கள் மீட்டரோ 1 மி.கி.க்குக் கீழே எண்ணத் தெரியாத கருவி. நூறு மடங்கு சின்னதை எங்கே பார்க்கும்? ஃபுளோரைடின் அதிகபட்ச அளவு 1.5 மி.கி. 600 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 3 மி.கி. இருந்தால் மீட்டர் தனியாகச் சொல்லாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கிருமி. 15 லிட்டர் குடத்தில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சாக்கடை நீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாக்கடையின் டி.டி.எஸ். 1000 என்றே இருக்கட்டும். 5 மில்லியில் இருப்பது 5 மி.கி. உப்பு. 15 லிட்டருக்குப் பங்கு போட்டால் லிட்டருக்கு 0.3 மி.கி.தான் கூடும். மீட்டர் அசையாது! ஆனால் அந்த ஒரு டீஸ்பூனில் குடல் கிருமிகள் லட்சக்கணக்கில் இருக்கக்கூடும். தரநிர்ணயப்படி, 100 மில்லி குடிநீரில் ஈ.கோலி என்ற கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

இது வெறும் கற்பனைக் கணக்கில்லை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் தெருக்களில், தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது விரிசல் வழியாக வெளியே தேங்கிய அழுக்கு நீர் உள்ளே புகும். யாராவது குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் வீடு தேடி வருகின்றன. எண் 250 என்று அழகாகக் காட்டும்போதே!

காய்ச்சல் தெர்மாமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லும். என்ன கோளாறு என்று சொல்லாது. சூடு சரியாக இருப்பதால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது. சர்க்கரை வியாதிக்காரருக்குக் காய்ச்சலா அடிக்கிறது? டி.டி.எஸ். மீட்டரும் அதே ரகம்.

வாசலில் நடக்கும் மாயாஜாலம்

சில விற்பனையாளர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் இயந்திரத்தின் தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் வைத்து சுவிட்சைப் போடுவார்கள். உங்கள் தண்ணீர் நிமிடத்தில் பழுப்பாகி, திட்டுத் திட்டாக அழுக்கு மிதக்கும். அவர்கள் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். “பாத்தீங்களாக்கா, இதைத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க!” என்றதும் பாதிப்பேர் விழுந்துவிடுவார்கள்.

அந்தப் பழுப்பு நிறம் உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கில்லை. கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வந்த துரு! உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடுகிறது, கம்பி கரைகிறது. உப்பு எடுத்த தண்ணீரில் மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை. சந்தேகமிருந்தால் அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா?

ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வுக்குள் தள்ளி, உப்பைப் பின்னால் நிறுத்தும் முறை. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வை 1960 வாக்கில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன். இன்னொருவர் சிட்னி லோப். அவர்கள் மனதில் இருந்தது கடல்நீர். நாமோ ஆற்றுத் தண்ணீருக்கும் அதையே மாட்டிக்கொண்டிருக்கிறோம்!

2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 500 மி.கி.க்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்யும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. காரணம், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. குடம் குடமாகப் பிடித்துச் சேர்க்கும் ஊரில் இது சாதாரண நஷ்டமில்லை.

எனவே, உங்கள் வீட்டுக்கு வருவது மாநகராட்சித் தண்ணீர், எண்ணும் 500-க்குள் என்றால், உப்பை எடுக்கும் அவசியம் பொதுவாக இல்லை. கிருமியை ஒழித்தால் போதும். கொதிக்க வைப்பது, புற ஊதாக்கதிர் என்னும் யு.வி. கருவி, இரண்டில் ஒன்று போதும். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், எண் 1000, 1500 என்கிறது என்றால் ஆர்.ஓ. உதவும். ஃபுளோரைடு, நைட்ரேட் தொந்தரவு இருந்தாலும் உதவும்.

மீட்டரின் உண்மையான வேலை

இவ்வளவு குறை சொன்ன பிறகு மீட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. அதை அது பிரமாதமாகச் செய்யும். உங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு உழைக்கிறதா, சோர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை.

அதற்கு ஒரு எண் போதாது. உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர், இரண்டையும் அளக்க வேண்டும். உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதைக் கழியுங்கள். அதை உள்ளே போவதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். எத்தனை சதவீத உப்பைச் சவ்வு தடுத்தது என்று வந்துவிடும்.

உதாரணமாகப் பாருங்கள். தை மாதம் உள்ளே 900, வெளியே 45. தடுத்தது 95 சதவீதம். சவ்வு ஜோர்!

சித்திரையில் உள்ளே 1400, வெளியே 70. “ஐயோ, 45 இருந்தது 70 ஆயிடுச்சே!” என்று பதற வேண்டாம். இப்போதும் 95 சதவீதம்தான். கோடையில் போர் தண்ணீர் கரிப்பு ஏறியிருக்கிறது. இயந்திரத்தில் பழுதில்லை. இந்தச் சமயத்தில் மெக்கானிக் வந்து “மெம்பரேன் போச்சு” என்றால் நம்பாதீர்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. உள்ளே 400, வெளியே 60. சித்திரையைவிடக் குறைவுதானே என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். கணக்குப் போட்டால் 85 சதவீதம்தான்! சவ்வு தளர்ந்துவிட்டது. வெளியே வரும் எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

சமையலறைக் காலண்டரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மாதம் ஒரு நாள் இந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். சதவீதம் மெல்ல மெல்ல இறங்கினால் சவ்வுக்கு வயதாகிறது. 80-க்கு அருகில் வந்தால் ஆளை அழைக்கலாம். ஒரே நாளில் தடாலென்று விழுந்தால் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது ரப்பர் வளையம் விலகியிருக்கலாம். உள்ளே வரும் தண்ணீரின் எண் திடீரென்று இரட்டிப்பானாலும் அலட்சியம் வேண்டாம். போர் தண்ணீரைக் கலந்து விட்டிருக்கலாம், எங்காவது குழாய் உடைந்திருக்கலாம். தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியில் விசாரிக்க அந்தக் குறிப்பு நல்ல ஆதாரம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் சும்மா நின்ற இயந்திரத்தில் காலையில் வரும் முதல் தண்ணீர் சற்று அதிகமாகக் காட்டும். நிற்கும் நேரத்தில் உப்பு சவ்வைத் தாண்டிக் கசிவதுதான் காரணம். ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். அடுத்தது, பல இயந்திரங்களில் ‘டி.டி.எஸ். கன்ட்ரோலர்’ என்ற சின்ன திருகு உண்டு. அது சவ்வு வழியே போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்து விடும். அது திறந்திருந்தால் மேலே சொன்ன சதவீதம் குறைவாகத்தான் வரும். மாட்டும் நாளில் வந்த சதவீதத்தைக் குறித்துக்கொண்டு அதோடு ஒப்பிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ அதிகம் என்று தெரிந்தால் இந்தத் திருகை மூடிவைப்பதே உத்தமம். கலக்கும் தண்ணீரோடு அவையும் வந்துவிடுமே!

இயந்திரத்தின் மற்ற பாகங்களுக்கு மீட்டர் சாட்சி சொல்லாது. கார்பன் ஃபில்டர் தீர்ந்துவிட்டால் குளோரின் உள்ளே போய்ச் சவ்வையே அரித்துவிடும். யு.வி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் வீரியம் இழக்கும். குளோரின் நீங்கிய தண்ணீர் இயந்திரத்தின் தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரும். இவற்றையெல்லாம் தேதி பார்த்துத்தான் மாற்ற, கழுவ வேண்டும்.

ரொம்பக் குறைந்தாலும் நல்லதா?

“எங்க மெஷின்ல வெறும் 15!” என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் உப்போடு கால்சியமும் மெக்னீசியமும் போய்விட்டன. நாளெல்லாம் உப்பு நீக்கிய நீரையே குடிப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட தொகுப்பில் வல்லுநர்கள் கவலை தெரிவித்திருக்கிறார்கள். சமைக்கும்போது காய்கறியிலுள்ள சத்தையும் இந்தத் தண்ணீர் அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

இதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். லிட்டருக்கு 60 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரை 3 லிட்டர் குடித்தால் கிடைப்பது 180 மி.கி. ஒரு டம்ளர் பாலில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் சாப்பிடுகிற குடும்பம் தண்ணீரை நம்பி இல்லை. ஆனால் பால் குடிக்காத, கீரையைத் தொடாத பிள்ளைகள் இருந்தால், 15 பெருமைப்படும் எண் இல்லை. 500-க்குள், கிருமியும் நச்சுப் பொருளும் இல்லாத எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான்.

கேன் தண்ணீருக்கு எதைப் பார்ப்பது?

கேனில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்தது. மீட்டரை முக்கினால் 50, 80 என்று காட்டும். அது சவ்வுக்குக் கிடைத்த சான்றிதழ், கேனுக்குக் கிடைத்ததில்லை! கேன் சரியாகக் கழுவப்பட்டதா, எத்தனை நாள் வெயிலில் நின்றது என்பதை மீட்டர் சொல்லாது. மூடியில் சீல் முழுசாக இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேனின் உள்பக்கம் பச்சையாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வாரம் பத்து நாள் ஒரே கேனை வைத்துக் குடிக்க வேண்டாம்.

சந்தேகங்கள்... பதில்கள்

*தண்ணீரைக் கொதிக்க வைத்தால் டி.டி.எஸ். குறையுமா?*

பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கால்சியம் அளவுக்குக் கொஞ்சம் குறையலாம். மற்ற உப்புகள் போகாது. தண்ணீர் சுண்டுவதால் சில சமயம் கூடவும் செய்யும். கிருமி சாகும், கொதிக்க வைப்பதன் பலன் அதுதான்.

*தேற்றாங்கொட்டை, படிகாரம், மண்பானை?*

தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும். மண்பானை குளிர வைக்கும். கரைந்த உப்பு அப்படியேதான் இருக்கும்.

*உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமா?*

கடின நீரால்தான் கல் வருகிறது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. போதிய தண்ணீர் குடிக்காததுதான் பெரிய காரணம். மதுரை வெயிலில் வேலை பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்படி குடிக்கட்டும்.

*கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க போர் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தலாமா?*

நைட்ரேட் பரிசோதிக்காமல் வேண்டாம். லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் நைட்ரேட் இருந்தால், ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரே தேவையில்லை.

*ஆர்.ஓ. கழிவு நீரை என்ன செய்வது?*

உள்ளே 1200 உள்ள தண்ணீரில் ஒரு பங்கு சுத்தமாகி மூன்று பங்கு வெளியேறினால், கழிவின் எண் ஏறக்குறைய 1580 இருக்கும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற நன்றாகப் பயன்படும். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண் உப்புப் பூத்துவிடும்.

வருடம் ஒருமுறை ஆய்வுக்கூடம்

மீட்டருக்குத் தெரியாததை ஆய்வுக்கூடம் சொல்லும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் குடிக்கும் வீட்டார் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை கொடுப்பது நல்லது. சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வுக்கூடத்தில் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, சில மணி நேரத்துக்குள் குளிர்ச்சியாகக் கொண்டு சேர்க்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் மொத்த எண்ணோடு நிறுத்தாமல் ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ.கோலி என்ற மூன்று வரிகளையும் படியுங்கள். குடும்பத்தின் ஆரோக்கியம் அந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது.

மீட்டர் வாங்கியவர்களுக்கு...

● குறியிட்ட கோடு வரை மட்டும் முக்குங்கள். லேசாகத் தட்டிக் காற்றுக்குமிழியை நீக்கி, எண் நிலைத்த பிறகு படியுங்கள்.

● முதலில் சுத்திகரித்த தண்ணீரை அளந்துவிட்டு, பிறகு போர் தண்ணீரை அளவுங்கள். மாற்றிச் செய்தால் ஒட்டிய உப்பு கணக்கைக் கெடுக்கும்.

● முனையை விரலால் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சுத்திகரித்த தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறி மூடுங்கள்.

● ஒரே மீட்டரையே எப்போதும் பயன்படுத்துங்கள். எண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை; மாற்றம் சரியாகத் தெரியும்.

● ஆண்டுக்கு ஒருமுறை, எண் அச்சிட்ட அளவுத் திரவத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

● எண் எதுவானாலும், தெருவில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ பரவினால் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.